வெளிச்சப் பஞ்சம்

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று கும்பகோணத்திலிருந்து ஒரு தாயார் எழுதியது. நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் தம் பெண்ணின் கலியாணம், மாப்பிள்ளையின் குணம், அவருடைய சம்பளம் முதலிய விவரங்கள் இருந்தன. எல்லாம் திருப்திகரமாகவே இருப்பதை அறிந்து சந்தோஷப்பட்டோம். விஷயம் நான்காவது பக்கத்தில் இருந்தது.

மாப்பிள்ளைக்கு நார்வே தேசத்தில் டிராம்சோ என்னும் ஊரின் சர்வகலாசாலையில் உத்தியோகம். பெண் அங்கே குடித்தனம் நடத்தப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் தொலைபேசியில் கூப்பிட்டால் கலகலவென்று பேசுகிறாளாம். இப்போதுதான் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் வசதி வந்துவிட்டதே! அதில் அவள் முகம் பூரித்திருப்பதும் தெரிகிறதாம். ஐப்பசி பிறந்ததும் பேச்சுக் குறைகிறது. கார்த்திகை, மார்கழியில் பத்து மணிக்குக் கூடப் படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. எழுந்தால் ரொட்டியும் உருளைக்கிழங்கும் இனிப்புமாகத் தின்ன வேண்டும் போலிருக்கிறது என்கிறாள். யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, கை கால் எல்லாம் ஈயம் போல் கனக்கின்றன என்கிறாள். காரணம் கேட்டால் கண்ணீர் வருகிறதே தவிர பதில் வருவதில்லை. பங்குனியில் மறுபடியும் பழைய பெண்! இரண்டு வருஷமும் இப்படியே நடந்திருக்கிறது.

இதற்குச் சம்பந்தியம்மாள் கண்டுபிடித்த காரணம், பெண்ணைச் செல்லம் கொடுத்துச் சோம்பேறியாக வளர்த்துவிட்டார்கள் என்பது. ஜோசியர் சனியின் மேல் பழியைப் போட்டுவிட்டார். தஞ்சாவூரில் இருக்கும் பெரியம்மா, கலியாணத்தன்று யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சாதிக்கிறார். தாயார் நம்மைக் கேட்பது இவ்வளவுதான்: "ஒரு பெண்ணுக்கு வருஷத்தில் நாலு மாதம் மட்டும் சோம்பேறித்தனம் வருமா? இது வியாதியா, வேறு ஏதாவதா? பேசாமல் திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிடலாமா?" கடிதத்தின் அடியில், இடம் போதாமல் ஓரமாக எழுதிய வரி ஒன்றில், பொங்கலைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். அதைப் பின்னால் கவனிப்போம்.

நம்மிடம் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. பெண்ணை நேரில் பார்த்து இன்ன வியாதி என்று சொல்லக் கூடியவர் அந்த ஊர் டாக்டர்தான். ஆனாலும், நாலு மாதம் மட்டும் சோம்பேறித்தனம் வருமா என்று கேட்டாரே அந்தத் தாயார், அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. சோம்பேறிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பஞ்சாங்கம் பார்த்துச் சோம்பலுறுகிறவர் ஒருவரைக் கூடப் பார்த்ததில்லை. ஐப்பசியில் ஆரம்பித்துப் பங்குனியில் நின்றுபோகும் துன்பத்துக்குக் காரணம் பெண்ணின் குணத்தில் இருக்க நியாயமில்லை. ஆகாயத்தில் தேட வேண்டும்.

முதலில் பூகோளம். கும்பகோணத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். மார்கழியில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி. காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள், சூரியன் காலையில் வரும், மாலையில் போகும் என்பதை ஒரு சட்டமாகவே எண்ணி வந்திருக்கிறோம். வடக்கே போகப் போக இந்தச் சட்டம் தளர்கிறது. லண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணிக்கும் குறைவு. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் ஆறு மணிக்கும் குறைவு. டிராம்சோவோ ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, 69 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அங்கே ஐப்பசி மாதத்தில் பகல் நாள் ஒன்றுக்கு ஏறக்குறையப் பத்து நிமிஷம் வீதம் தேய்கிறது. நவம்பர் 27-ந் தேதி வாக்கில், அதாவது கார்த்திகை நடுவில், சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனால், திரும்பத் தலைகாட்டுவது ஜனவரி 15-ந் தேதி வாக்கில்தான். நடுப்பகலில் ஒரு சில மணி நேரம் நீல நிறமான மங்கல் வெளிச்சம் வரும். கீழே கிடக்கும் பனி அதைப் பிரதிபலிக்கும். வெயில் என்பது கிடையாது. இந்தக் கடனை வட்டியுடன் தீர்ப்பது போல் வைகாசி முதல் வாரத்திலிருந்து ஆடி முதல் வாரம் வரையில் சூரியன் அங்கே அஸ்தமிப்பதேயில்லை.

உணவுக்குப் பஞ்சம் வந்தால் உடம்பு வாடுகிறது என்பதை நாம் யாரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்துக்கும் பஞ்சம் வரக்கூடும் என்பதும், அதில் மனிதன் வாடுவான் என்பதும், வெளிச்சத்தில் புரளும் நமக்குத்தான் புரிவது கஷ்டம்.

இதை அனுபவித்து அறிந்தவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லலாம். 1898-ம் வருஷம் பெல்ஜியம் தேசத்தார் அனுப்பிய 'பெல்ஜிகா' என்ற கப்பல் தென் துருவக் கடலில் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. மே மாதம் நடுவில் சூரியன் மறைந்தது. சுமார் எழுபது நாள் இருட்டு. கப்பலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சோர்ந்து படுத்தார்கள், பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் இறந்தார். புத்தி பேதலித்தவர்களும் உண்டு. பிற்காலத்தில் தென் துருவத்தை முதல் முதலில் அடைந்த ஆமுண்ட்ஸென் அந்தக் கப்பலில்தான் அப்போது வேலை பார்த்தார். கப்பலின் டாக்டர் பிரடரிக் குக் என்னும் அமெரிக்கர். (வட துருவத்துக்குப் போய் வந்ததாக அவர் பின்னால் சொன்னதை உலகம் நம்பவில்லை. அது வேறு கதை.) அவர் ஒரு விசித்திரமான வைத்தியம் செய்தார். சோர்ந்து போனவர்களை உடைகளைக் களைந்துவிட்டு, கொழுந்து விட்டெரியும் அடுப்புக்கு முன்னால் தினம் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னார். நியாயமாகச் சொல்வதென்றால், அவர்களைப் பிடித்திருந்த பெரிய வியாதி ஸ்கர்வி. அதைத் தீர்த்தது குக் கட்டாயப்படுத்தித் தின்னச் செய்த பெங்குவின், சீல் மாமிசம். இருந்தாலும், சூரியன் இல்லாமையே மனத்தையும் உடம்பையும் வாட்டுகிறது என்று கண்டு, சூரியனுக்குப் பதில் ஒன்றை வைக்க முயன்ற வைத்தியர்களில் அவர் முன்னோடி.

வியாதிக்குப் பெயர் வந்தது 1984-ல்தான். பெயர் வைத்தவர் நார்மன் ரோஸென்தால் என்னும் மனோவைத்தியர். அவர் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் வளர்ந்தவர். 1976-ல் நியூயார்க்குக்குக் குடியேறினார். முதல் வருஷம் குளிர்காலம் வந்ததும் தம்முடைய சுறுசுறுப்பு எங்கேயோ ஓடிப் போனதையும், வசந்தம் வந்ததும் அது திரும்பியதையும் கவனித்தார். வெயில் தேசத்திலிருந்து வந்தவராயிருந்தபடியால் அந்த மாறுதல் அவருக்குத் தெரிந்தது. அங்கேயே பிறந்தவர்களாயிருந்தால், உலகமே இப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். கும்பகோணத்துப் பெண்ணுக்கும் இந்த டாக்டருக்கும் உள்ள ஒற்றுமையை நேயர்கள் கவனிப்பார்கள்.

பிறகு அவர் அமெரிக்க சர்க்காரின் மனோவியாதி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே ஓர் எஞ்சினீயர் வந்தார். அவர் பல வருஷங்களாகத் தம் மனத்தின் ஏற்ற இறக்கங்களைத் தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தார். பகல் குறையும்போது தம் மனமும் குறைகிறது என்று தாமே கண்டுபிடித்திருந்தார். எஞ்சினீயர்கள் நோயாளிகளானால் இது ஒரு சௌகரியம்! டாக்டர்கள் அவரை விடியற்காலையிலும் மாலையிலும் பிரகாசமான விளக்குகளுக்கு முன்னால் உட்கார வைத்துக் குளிர்காலப் பகலைக் கோடைக்காலப் பகலாக நீட்டினார்கள். சில நாட்களுக்குள் அவர் தேறினார். 1981-ல் இந்த ஆராய்ச்சியைப் பற்றி 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. எங்களுக்கும் இப்படித்தான் என்று ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. அதுவரையில் அத்தனை பேரும் தங்களைச் சோம்பேறிகள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள் போலும். ரோஸென்தால் வைத்த பெயரின் முதல் எழுத்துக்களைக் கூட்டினால் இங்கிலீஷில் துக்கம் என்று பொருள்படும் வார்த்தை வருகிறது. நாம் அதைப் பருவச் சோர்வு என்று சொல்லலாம்.

வெளிச்சம் மனத்துக்குள் எப்படிப் போகிறது? கண் வழியாகத்தான். ஆனால் பார்ப்பதற்காக மட்டும் கண் ஏற்படவில்லை. விழித்திரையில் சில விசேஷ அணுக்கள் இருக்கின்றன. உருவங்களைக் காண்பது அவற்றின் முக்கிய வேலையல்ல. வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குள் இருக்கும் ஒரு கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதே அவற்றின் உத்தியோகம். 2002-ல்தான் இவை உறுதியாகப் புலப்பட்டன. இருட்டு என்று செய்தி போனால் மூளையில் உள்ள ஒரு சிறு சுரப்பி 'மெலடோனின்' என்ற பொருளைச் சுரக்கிறது. உடம்பு இரவுக் காரியங்களுக்குத் தயாராகிறது. விடியற்கால வெளிச்சம் பட்டதும் அது நிற்க வேண்டும். விடியலே வராத ஊரில் கடிகாரம் பின்தங்கிப் போகிறது. எழுந்து நடமாடும் நேரத்திலும் உடம்பு நள்ளிரவிலேயே இருக்கிறது. மனத்தைச் சமனாக வைத்திருக்கும் 'செரோடோனின்' என்ற பொருளின் போக்கும் குளிர்காலத்தில் மந்தப்படுவதாகக் கண்டிருக்கிறார்கள். தூக்கம், மாவுப் பண்டங்களின் மேல் ஆசை, கனத்துப் போகும் அங்கங்கள் எல்லாம் இந்தச் சோர்வின் லட்சணங்களாக வைத்திய நூல்களில் எழுதப்பட்டிருப்பவை. கும்பகோணத்துக் கடிதத்தின் நான்காவது பக்கத்தில் இவற்றில் ஒன்று கூட விட்டுப் போகவில்லை.

வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். மின்சார விளக்குகள் நிறைந்த அறையில் வெளிச்சம் முந்நூறு 'லக்ஸ்', மிஞ்சினால் ஐந்நூறு. நம் ஊர் நடுப்பகல் வெயிலில் ஒரு லட்சம். மேகம் மூடிய பகலில் கூட ஆயிரக் கணக்கில் இருக்கும். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடுகிறது. சாதாரண அறை வெளிச்சத்துக்கு மசியாத மெலடோனின், மிகப் பிரகாசமான வெளிச்சத்துக்கு அடங்கும் என்று ஆல்பிரட் லூயி என்பவரும் அவருடைய சகாக்களும் 1980-ல் காட்டினார்கள்.

அப்படியானால் வடக்கே போகப் போக எல்லாரும் அழுதுகொண்டிருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆரம்பத்தில் ஆராய்ச்சிக்காரர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். அமெரிக்காவில் 1990-ல் வெளியான ஒரு கணக்கின்படி, தெற்கே வெயில் காயும் புளோரிடாவில் பருவச் சோர்வு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு. வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு. கணக்கு அழகாக இருக்கிறது அல்லவா? ஐஸ்லாந்து தேசத்தார் வந்து அதைக் கலைத்துவிட்டார்கள். அவர்கள் நியூ ஹாம்ப்ஷயருக்கு வெகு வடக்கே, 64 டிகிரியில் இருக்கிறவர்கள். அவர்களிடையே நடத்திய பரீட்சையில் சோர்வு அமெரிக்கக் கீழ்க்கரையில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தது. இன்னும் வேடிக்கை, 1875 முதல் ஐஸ்லாந்திலிருந்து கனடா தேசத்து மானிடோபா மாகாணத்தில் குடியேறியவர்களின் சந்ததியாரைப் பரீட்சித்தபோது அவர்களிடமும் குறைவாகவே இருந்தது. ஆயிரம் வருஷம் இருட்டில் குடியிருந்த குலத்தின் உடம்பிலே ஏதோ ஒரு பக்குவம் ஊறியிருக்கிறது என்று சிலர் ஊகிக்கிறார்கள். மீன்தான் காரணம் என்று வேறு சிலர். எப்படியானாலும், அந்தப் பக்குவத்தைப் பாட்டன் பூட்டன் வழியாகப் பெறாத ஒரு தஞ்சை ஜில்லாப் பெண்ணை, அங்கேயே பிறந்தவர்களோடு ஒப்பிட்டு, "அவர்கள் எல்லாம் இருக்கவில்லையா?" என்று கேட்பது அநியாயம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

அட்சரேகை மட்டுமே காரணம் அல்லவென்பதற்கு நார்வேயிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. ரியூகான் என்று ஒரு சிறு பட்டணம். ஆஸ்லோ இருக்கும் அதே ரேகையில்தான் இருக்கிறது. ஆஸ்லோவாசிகள் குறைந்தபட்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரமாவது சூரியனைப் பார்க்கிறார்கள். ரியூகான் ஜனங்களுக்கோ செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையில், அரை வருஷம், சூரியன் கிடையாது. காரணம், பட்டணம் கிழக்கு மேற்காக ஓடும் குறுகிய பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. தெற்கே 1,883 மீட்டர் உயரமுள்ள கௌஸ்டாதொப்பன் மலைச் சாரல் சுவர் போல் நிற்கிறது. மேலே ஆகாயம் பளீரென்று இருக்கும். மலை உச்சியில் வெயில் பொன் போலப் படியும். ஊருக்குள் மட்டும் நிழல்.

அந்த இடத்தில் யார் ஊர் கட்டினார்கள் என்றால், நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து உரம் தயாரிக்க வந்த 'நோர்ஸ்க் ஹைட்ரோ' கம்பெனியார். அதை ஸ்தாபித்த சாம் ஐடே என்பவர் காலத்திலேயே, 1913-ம் வருஷம், ஒரு கணக்குப்பிள்ளை அவ்வூர்ப் பத்திரிகையில் யோசனை சொன்னார்: மலைமேல் ஒரு கண்ணாடியை வைத்துச் சூரிய வெளிச்சத்தை ஊருக்குள் திருப்பினால் என்ன? அந்தக் காலத்து யந்திர வசதிக்கு அது முடியவில்லை. கண்ணாடிக்குப் பதிலாகக் கம்பெனியார் 1928-ல் ஒரு காரியம் செய்தார்கள். நம் பழனி மலையில் இருக்கிறதே, அதைப் போன்ற ஒரு 'ரோப் கார்' கட்டி ஊராருக்குக் கொடுத்தார்கள். எதற்காக? குளிர்காலத்தில் ஜனங்கள் மேலே போய்ச் சிறிது நேரம் சூரியனைத் தரிசித்துவிட்டு வருவதற்காக! பழனியில் முருகனைத் தரிசிக்கப் போகிறோம். அவர்கள் சூரிய நாராயணனைத் தரிசிக்கப் போனார்கள். இப்போதும் போகிறார்கள்.

கணக்குப்பிள்ளையின் யோசனை நூறு வருஷம் காத்திருந்தது. அவ்வூரில் குடியேறிய மார்ட்டின் ஆண்டர்சன் என்னும் கலைஞர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெயிலைத் தேடிப் பள்ளத்தாக்கு நெடுகத் தினம் தூரம் தூரமாக நடந்து சலித்து, அதே யோசனையை மறுபடியும் கிளப்பினார். இது வீண் செலவு, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கலாமே என்று ஊரில் பலர் ஆட்சேபித்தார்கள். (முனிசிபாலிடிகள் எங்கும் முனிசிபாலிடிகளே!) பெரும்பகுதிப் பணம் வெளியிலிருந்து வந்தது. 2013-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, சந்தைச் சதுக்கத்துக்கு 450 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் நிறுத்திய மூன்று கண்ணாடிகள் சூரியனை ஊருக்குள் திருப்பின. ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர். சூரியனுடைய நடையைப் பின்பற்றி அவை தாமே திரும்பிக்கொள்கின்றன. கீழே விழும் வெளிச்சம் ஊர் முழுதையும் மூடுவதில்லை. சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர், அதாவது ஒரு பெரிய கலியாணப் பந்தல் அளவு. அன்று ஜனங்கள் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, அந்த வட்டத்துக்குள் முகத்தை நீட்டி உட்கார்ந்தார்கள். ஆட்சேபித்தவர்களும் வந்து உட்கார்ந்தார்களாம். இத்தாலியில் விகனெல்லா என்ற கிராமத்தார் இதற்கு முன்பே, 2006-ல், 84 நாள் நீடிக்கும் தங்கள் நிழலைப் போக்க இம்மாதிரி ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். சூரியனைக் கண்ணாடி வழியாகத் தானம் வாங்கும் ஊர்களைப் பற்றிக் கேட்ட பிறகு, நம் தெருவில் வெயில் கொளுத்துகிறது என்று முணுமுணுக்க நமக்கே கொஞ்சம் கூச்சமாயிருக்கிறது.

இப்போது டிராம்சோவுக்குத் திரும்புவோம். அங்கே நடந்த பெரிய ஆராய்ச்சிகளில், இருட்டுக் காலத்தில் அதிகமாகக் காணப்பட்டது தூக்கக் கேடு; மனச்சோர்வு அந்த அளவுக்கு அதிகரிக்கவில்லை. காரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி அங்கே போய், ஜனங்கள் இருட்டை எப்படிச் சகிக்கிறார்கள் என்று விசாரித்தார். சகிப்பது என்ற கேள்வியே அவர்களுக்கு விநோதமாயிருந்தது! மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு நண்பர்களோடு பொழுது போக்குவதும், பனியில் சறுக்கி விளையாடுவதும், நீல நேரத்தில் வெளியே உலாவுவதுமாகக் குளிர்காலத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். வடக்கே போகப் போகக் குளிர்காலத்தைப் பற்றிய நல்லெண்ணம் அதிகரிப்பதாகவே அவரும் அவருடைய சகாவும் 2020-ல் எழுதினார்கள். இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, எல்லாம் மனசில் இருக்கிறது!" என்று சம்பந்தியம்மாள் சொல்லக்கூடும். அதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியும் நண்பர்களும் சிறு வயது முதல் பழகியவர்களுக்குத்தான் எளிதில் கிடைக்கின்றன. பாஷை தெரியாத ஊரில், கணவன் வேலைக்குப் போன பின், ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அவற்றை யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கொடுக்க வேண்டும்.

பருவச் சோர்வு என்று ஒன்று தனியாக உண்டா என்றே சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவில் 34,294 பேரிடம் சேகரித்த விவரங்களை ஆராய்ந்து, பருவத்துக்கும் அட்சரேகைக்கும் மனச்சோர்வோடு சம்பந்தம் காணவில்லை என்று எழுதினார்கள். ஊரார் எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அப்படி வரலாம். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்குச் செருப்புக் கடிக்கவில்லை என்பதால் மற்ற ஐந்து பேரின் கால் புண் பொய்யாகிவிடுமா? வருஷந்தோறும் ஒரே மாதத்தில் விழுந்து ஒரே மாதத்தில் எழுந்திருப்பவர்களை டாக்டர்கள் நேரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பரிகாரம் உண்டா? உண்டு. பத்தாயிரம் லக்ஸ் பிரகாசமுள்ள விளக்குப் பெட்டி ஒன்றின் எதிரில், காலையில் எழுந்ததும் சுமார் அரை மணி நேரம் உட்காருவது முதலாவது. விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பத்திரிகை படிக்கலாம், காப்பி சாப்பிடலாம். கண் நோய் உள்ளவர்களும், சோர்வுக்கு மாறாக மட்டற்ற உற்சாகமும் சில சமயம் தோன்றுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மருந்துகளும் உண்டு. பேச்சினாலும் பயிற்சியினாலும் மனத்தைத் திருப்பும் சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் வெர்மாண்ட் சர்வகலாசாலையில் கெல்லி ரோஹன் என்ற அம்மையார் 177 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு விளக்கும் மற்றொன்றுக்குப் பேச்சுச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார். ஆறு வாரத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது விளக்குக்காரர்களில் 46 சத விகிதத்தினருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. மற்றவர்களில் 27 சத விகிதத்தினருக்கே திரும்பியிருந்தது. விளக்கை வருஷந்தோறும் ஏற்ற வேண்டும். கற்றுக்கொண்ட வித்தை கூடவே இருக்கிறது. இதைத் தவிர, நடுப்பகலில் எவ்வளவு மங்கலாயிருந்தாலும் வெளியே ஒரு நடை. அந்த ஊர்க்காரர்கள் மீன் எண்ணெய் குடிக்கிறார்கள். அது சூரியன் இல்லாமல் குறைந்து போகும் வைட்டமின் 'டி'க்காக. நம்மவர்களின் கறுத்த தோலுக்கு அந்தக் குறை அதிகம் உண்டாகும். மனச்சோர்வு வேறு, இது வேறு என்றாலும், டாக்டரிடம் போகும்போது இதையும் பரீட்சித்துவிடலாம். மீன் எண்ணெய் என்றதும் கும்பகோணத்து வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மாத்திரை கிடைக்கும், பயப்பட வேண்டாம்.

தாயாருக்கு மற்றொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சம் திரும்பிவிட்டது, இனிக் கவலையில்லை என்று பங்குனியில் கவனத்தை விட்டுவிடக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் துர்ச்சம்பவங்கள் பல தேசங்களில் இருட்டுக் காலத்தைவிட வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் ஆரம்பத்திலும்தான் அதிகம் என்பது பிரெஞ்சு ஆசிரியர் துர்க்கைம் 1897-ல் எழுதிய காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை பெண் வாயில் வந்தால், எந்த மாதமானாலும் சரி, அன்றே டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும்.

வெயிலினாலும் மனம் கெடுவதுண்டு என்று நம் வாசகர்களில் யாராவது ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். 1987-ல் ரோஸென்தாலின் சகாக்கள் கோடைச் சோர்வையும் வர்ணித்தார்கள். அதன் குணம் நேர் எதிர்: தூக்கம் வராது, பசியிராது, பரபரப்பும் எரிச்சலும் மிகும். சென்னை ராஜதானியை ஆண்ட துரைமார்கள் கோடை வந்ததும் சர்க்காரையே மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு ஏறிவிடுவார்கள். அதை அப்போது நாம் உல்லாசம் என்று திட்டினோம். உல்லாசமும் இருந்தது; இல்லையென்று சொல்லவில்லை. குளிர்ந்த தேசத்து உடம்பு வெயிலுக்குத் தப்பி மலையேறினால் அதற்குப் பெயர் ஆரோக்கியம். வெயில் தேசத்து உடம்பு இருட்டில் வாடினால் அதற்குப் பெயர் சோம்பலா?

இலங்கையிலிருந்து நார்வேக்குப் போன தமிழர்கள் பலர் 1980-களிலிருந்து டிராம்சோவுக்கும் வடக்கே, பின்மார்க் பகுதியில், மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் இருட்டைத் தமிழிலேயே கடந்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பம் ஏதாவது அருகில் இருக்கிறதா என்று மாப்பிள்ளை விசாரித்துப் பார்க்கட்டும். ஒரு தமிழ்க் குரல் அடுத்த தெருவில் இருப்பது நூறு லக்ஸுக்குச் சமானம் என்று நாம் சொந்தப் பொறுப்பில் சொல்கிறோம். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் கிடையாது.

பெண்ணைத் திருப்பி அழைத்து வந்துவிடலாமா என்ற கேள்விக்கு நம் பதில்: அவசரப்பட வேண்டாம். ஐப்பசி பிறக்கும் முன்பே விளக்குப் பெட்டி வீட்டுக்கு வந்துவிடட்டும். ஆவணியிலேயே அந்த ஊர் டாக்டரைப் பார்த்து, இரண்டு வருஷத்துச் சரித்திரத்தைச் சொல்லி வைக்கட்டும். முடிந்தால் மார்கழியில் பதினைந்து நாள் கும்பகோணத்துக்கு வந்து போகட்டும். அதற்குள் சம்பந்தியம்மாளிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பி வைப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. மூன்றாவது குளிர்காலமும் இதே கதியானால், அப்போது மாப்பிள்ளை வேறு ஊரில் வேலை தேடுவதைப் பற்றி யோசிக்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த சந்தேகம். பெண் கேட்டாளாம்: "அம்மா, இங்கே தை மாதம் முதல் தேதி சூரியனே தெரியவில்லையே, பொங்கல் வைத்து யாருக்குப் படைப்பது?" பஞ்சாங்கத்தையும் வான சாஸ்திரத்தையும் வைத்துக்கொண்டு பார்த்தோம். டிராம்சோவின் அட்சரேகைக்குச் சூரியன் திரும்புவது ஜனவரி 15-ந் தேதி வாக்கில். ஏறக்குறைய நம் தை முதல் தேதியே. ஆனால் ஊரைச் சுற்றி மலைகள் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது 21-ந் தேதி. அன்று அவ்வூரார் அதைச் சூரிய தினம் என்று கொண்டாடுகிறார்கள். குழந்தைகளை வெளியே அழைத்து வந்து முதல் கிரணத்தைக் காட்டுகிறார்கள். சூரிய ரொட்டி என்று ஒரு தினுசு இனிப்புப் பண்டம் செய்து வீட்டுக்கு வீடு தின்கிறார்கள். ஆகவே தை முதல் தேதி வழக்கம்போல் பானை வைக்கட்டும். சூரியன் மலைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டுதான் இருக்கிறார். 21-ந் தேதி இரண்டாம் தடவை பொங்கி, ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டாருக்கும் கொடுக்கட்டும். அவர்கள் பதிலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அம்மையார் நமக்கு எழுத வேண்டும்.